சுவரை விட்டு நாலு விரல் தள்ளி

டப்ளினில் வீடு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், தம்பி. ஸ்டோனிபேட்டர் பகுதியில், வடக்குப் பார்த்த வாசலும் இரண்டு படுக்கையறையும் கொண்ட பழைய செங்கல் வீடு. அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் ஈரோட்டிலிருந்து வந்து சேர்வார்கள். அதற்குள் அதிகச் சாமான் இல்லாமல், ஆனால் கதகதப்பாக, வீட்டை அமைத்துவிட வேண்டும். சுவருக்கு என்ன நிறம், தரைக்கு என்ன விரிப்பு, எந்த மரச்சாமான்களை வாங்கலாம், ஊரிலிருந்து எதைக் கொண்டுவரச் சொல்லலாம், கிரைண்டரை எடுத்து வரலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டோனிபேட்டர் என்ற பெயரைப் படித்ததுமே எனக்கு 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நினைவுக்கு வந்துவிட்டது. செவிலியர் வேலைக்காக வந்த நான் முதலில் குடியிருந்தது அங்கேதான், ஏறக்குறைய அதே அமைப்புள்ள ஒரு வீட்டில். ஆகவே நிறத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பகுதியின் சிறு வீடுகள் பலவற்றை, 1876இல் தொடங்கப்பட்ட டப்ளின் ஆர்ட்டிசன்ஸ் டுவெல்லிங்ஸ் கம்பெனி என்ற நிறுவனம் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டியது. அக்காலத்துச் செங்கல் சுவர் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் அல்ல. ஒரே கனச் சுவர். பின்னாளில் யாரும் உள்ளே வெப்பம் காக்கும் காப்புப் பலகை பொருத்தாமல் விட்டிருந்தால், குளிர்காலம் முழுவதும் வெளிச்சுவரின் உட்பக்கம் தொட்டால் சில்லென்றே இருக்கும். உலையிலிருந்து எழும் ஆவி, குளியலறை ஆவி, நாம் விடும் மூச்சு, அறைக்குள் உலரும் துணியின் ஈரம் எல்லாம் அந்தச் சுவரைத் தேடிப்போய் நீராகப் படியும். காற்று நடமாடாத இடங்களில், அதாவது அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும், கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அயர்லாந்தின் கிழக்குக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 நாட்கள் மழை பெய்கிறது, மேற்கில் சில இடங்களில் அது 225 நாட்களை எட்டுகிறது. ஆகவே நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று மேற்குக் கரையிலுள்ள கால்வேயில் இருக்கும் என் தோழி சொல்லுவாள். அந்த ஆறுதல் எனக்கு அப்போது போதவில்லை.

என் அறையில், வெளிச்சுவரின் மேல்புறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் துளை இருந்தது. அதன் வழியாகக் குளிர்காற்று நேரே என் தலையணைக்கு வந்தது. ‘குளிர் நாட்டில் சுவரில் ஓட்டை வைத்துக் கட்டிய புத்திசாலி யார்’ என்று வியந்துகொண்டு, செய்தித்தாளைச் சுருட்டி அதில் திணித்து, மேலே ஒட்டுநாடாவும் ஒட்டினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கியதும் உண்மை. ஊரிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டித் தள்ளி வைத்திருந்தேன். அதற்குள் என் கூறைப்புடவை இருந்தது. மார்ச் மாதத்தில் ஒரு விழாவுக்காக அதை எடுத்தபோது, அரக்குச் சிவப்பின் மேல் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை படிந்திருந்தது. உதறினேன், வெயிலில் போடலாம் என்று பார்த்தேன், வெயில் இல்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் அதன் பின்சுவர் முழுவதும் கறுத்திருந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ‘உங்கள் சமையலால்தான் இப்படி ஆயிற்று’ என்று சொல்லி, வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். என் ரசத்தின் மேல் அவர் சுமத்திய பழியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் துளையை அடைத்தது நான்தான் என்பதை இருபது ஆண்டுகள் கழித்தாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தத் துளையின் பெயர் வென்ட்; அறையின் ஈரக்காற்று வெளியேற வைத்த வழி அது. அதை அடைக்காதீர்கள். எரிவாயுக் கருவியோ, கரியும் விறகும் எரிக்கும் கணப்போ உள்ள அறையில் அதை அடைப்பது பூஞ்சையோடு போகும் விஷயமும் அல்ல. கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். எனக்கு இதை விளக்கியவர் அதே வீட்டில் அடுத்த அறையில் இருந்த போலந்துப் பெண். அந்த ஆண்டுகளில் போலந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குள் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலமும் நிறைய இரவுப் பணியும்தான். அவர் தினமும் காலையில் எதிரெதிரான இரண்டு சன்னல்களையும் அகலத் திறந்து, பத்து நிமிடம் கழித்து மூடிவிடுவார். வெப்பமெல்லாம் போய்விடுமே என்று நான் பதறினால், போவது ஈரக்காற்றுதான், சுவரிலும் சாமான்களிலும் ஏறிய சூடு பத்து நிமிடத்தில் போய்விடாது என்பார். ஒருமுறை துவைத்த துணி உள்ளே உலரும்போது ஏறத்தாழ 2 லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறது. ஆகவே துணியை, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாவற்றின் மேலும் பரப்பாமல், ஒரே அறையில் மடக்குக் கொடியை விரித்து, கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிடுங்கள். நீங்கள் முதலில் வாங்க வேண்டியது அழகான சோபா அல்ல. அந்த இயந்திரமும், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு கருவியும்தான். முள் 60 விழுக்காட்டுக்கு மேல் தங்கினால் எங்கோ தவறு நடக்கிறது என்று பொருள். ஈரமான அறையைச் சூடாக்குவதைவிட உலர்ந்த அறையைச் சூடாக்குவது எளிது என்பதை முதல் மின்கட்டணமே உங்களுக்குச் சொல்லிவிடும்.

சாமான் குறைந்த வீடு வேண்டும் என்று நீங்கள் அழகுக்காகக் கேட்கிறீர்கள். இந்த நாட்டுச் சிறிய வீட்டில் சுவர் மூச்சுவிடவே அது தேவைப்படுகிறது. வெளிச்சுவரில் பெரிய அலமாரியை வைக்க வேண்டாம், உள்சுவரில் வையுங்கள். வேறு வழியில்லையென்றால் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள். கால் வைத்த கட்டில், கால் வைத்த அலமாரி, கால் வைத்த சோபா என்று பார்த்து எடுங்கள். தரையோடு ஒட்டி உட்காரும் பெட்டிக் கட்டில் இழுப்பறை தருகிறதே என்று மயங்கி வாங்கி, பிறகு மெத்தையின் அடிப்பக்கம் கறுத்த கதைகள் நம்மவரிடம் நிறைய உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் சோபாவைப் போட்டால் சோபாவுக்குத்தான் கதகதப்பு. ரேடியேட்டருக்கு மேலுள்ள சன்னலின் திரைச்சீலை சன்னல் மேடையோடு நிற்கட்டும். தரைவரை தொங்கினால் வெப்பம் திரைக்குப் பின்னாலேயே சுற்றிக் கண்ணாடி வழியாகப் போய்விடும். இன்னொன்று, இங்கே வாடகை வீடுகள் பெரும்பாலும் சாமான்களோடுதான் வருகின்றன. வீட்டுக்காரர் தமக்கு வேண்டாத தோல் சோபாவையும் யானை போன்ற மேசையையும் அங்கே கொண்டுவந்து போட்டிருப்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ‘இதையும் இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பணிவாகக் கேளுங்கள். கையெழுத்துக்குப் பிறகு அந்த யானை உங்களுடையது.

சிறிய வீட்டில் எப்படி வாழ்வது என்று ஐரிஷ்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கிளேர் மாவட்டத்துப் பன்ராட்டியில் பழைய கிராமத்து வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குடும்பம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கணப்பைச் சுற்றித்தான் முழு வீடும். அக்காலத்தில் செட்டில் என்று ஒரு மரப்பெஞ்சு இருந்தது; பகலில் சாய்ந்து உட்காரலாம், இரவில் முன்புறம் கீழே திறந்துகொண்டு படுக்கையாகிவிடும். சுவரில் கீல் வைத்துப் பொருத்தி, சாப்பிட்டு முடித்ததும் மேலே மடித்துவிடும் மேசையும் உண்டு. நடுவிடம் எப்போதும் காலியாக இருக்கும். இதைப் பார்த்தபோது எனக்குத் திருநெல்வேலியில் ஆச்சி வீட்டு ஞாபகம் வந்தது. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால், எட்டுப் பேர் படுத்த பட்டாசாலை வெறும் தரையாகிவிடும். அந்த வீட்டில் வளர்ந்த நானே இங்கே வந்து சம்பளம் கைக்கு வந்ததும் அலமாரி அலமாரியாக வாங்கிக் குவித்தேன்.

அடைசலைப் பற்றிப் பேசினால் நம்மவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தமிழர் வீட்டுக்குள் நுழைந்ததும் மாடிப்படியின் கீழே மூன்று அரிசி மூட்டை, அலமாரியின் மேலே ஆறு பெட்டி, மூன்றாவது சிறு அறையில் கதவைத் திறக்க முடியாதபடி அட்டைப்பெட்டி என்று இருக்கும். தள்ளுபடி என்பதற்காக 20 கிலோ அரிசியை நான்கு மூட்டை வாங்கி, அவற்றை ஈரத் தரையில் வைத்து, வண்டு பிடித்ததும் கடைக்காரரைத் திட்டுவார்கள். பெட்டிகள் வேறு கதை. பதினைந்து ஆண்டுகளாக வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவரும் பெட்டியைக் கொடுத்துவிட மாட்டார். எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற எண்ணம்தான் அலமாரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் நான்கு பெட்டிகளை, பழைய பொருளைத் தானமாகப் பெற்று விற்கும் அறக்கொடைக் கடையில் கொடுத்துவிட்டு இரண்டை மட்டும், ஒன்றுக்குள் ஒன்றாக, வைத்திருக்கிறேன். அன்று வீட்டில் சிறு சண்டை நடந்தது. அதை விட்டுவிடுவோம்.

பொருட்களை வைக்க நல்ல இடம் ஒன்று உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் இருக்கும். இங்கே அலமாரியைப் பிரஸ் என்பார்கள்; வெந்நீர்க் கலம் உள்ள அலமாரிக்கு ஹாட் பிரஸ் என்று பெயர். வந்த முதல் வாரத்தில் ‘துண்டுகள் ஹாட் பிரஸ்ஸில் இருக்கின்றன’ என்று சொன்னதைக் கேட்டு நான் வீடு முழுவதும் இஸ்திரிப்பெட்டியைத் தேடினேன். போர்வை, துண்டு, பட்டுப்புடவை எல்லாவற்றுக்கும் அதன் மேல்தட்டைப் போல உலர்ந்த இடம் கிடையாது. பிழைத்த வரை பிழைத்த என் கூறைப்புடவை, வேட்டித் துணியில் சுற்றியபடி இப்போது அங்கேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கவில்லை என்று உங்கள் மனைவி வருந்தினால், பாத்திரத்தை அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு தட்டும் வையுங்கள்.

நிறம் கேட்டிருந்தீர்கள். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் வண்ணம் பூசவோ ஆணி அடிக்கவோ முடியாது. அனுமதித்தால், வடக்கு வெளிச்சத்தில் சுத்த வெள்ளை நீலம் பாய்ந்து நோயாளி அறை போலத் தெரியும் என்பதால் சந்தன நிறத்தின் பக்கம் போங்கள். டிசம்பரில் சூரியன் காலை எட்டரைக்குப் பிறகு எழுந்து மாலை நான்கு மணிக்கெல்லாம் போய்விடுவதால், சுவரைவிட விளக்குதான் முக்கியம். நாம் ஊர்ப் பழக்கத்தில் கண்கூசும் வெள்ளைக் குழல்விளக்கு கேட்போம். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சளொளி விளக்குகளை வாங்கி, உட்கார்ந்தால் கண் உயரத்தில் வரும்படி இரண்டு மூலைகளில் வையுங்கள். விரிப்புக்கு வெளியே தேட வேண்டாம். ஈரோட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு பவானி ஜமக்காளம் கொண்டுவந்தால் போதும், மடித்தால் பெட்டியின் அடியில் அடங்கிவிடும், துவைக்கவும் முடியும். போர்த்திக்கொள்ள ஐரிஷ் கம்பளிப் போர்வை ஒன்று வாங்குங்கள். மேயோ மாவட்டத்து ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு கன்னியாஸ்திரி 1892இல் தொடங்கிய ஆலை இன்னும் நெய்துகொண்டிருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் என்னுடையது பதினாறு ஆண்டுகளாக உழைக்கிறது.

கிரைண்டர் வேண்டாம். 2007இல் என் கணவர் தம் 23 கிலோ விமானப் பெட்டி அனுமதியில் பாதியைக் கொடுத்துக் கோயம்புத்தூர்க் கிரைண்டர் ஒன்றைத் தூக்கி வந்தார். சமையல் மேடையில் அது அமர்ந்தபோது காய் நறுக்க இடமில்லை. பிறகு மாடிப்படியின் கீழே, பிறகு பரணில், இப்போது தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறது. மாவு மிக்சியில் அரைக்கிறேன், முடியாத வாரத்தில் கடையில் வாங்குகிறேன். வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அந்தக் கிரைண்டரை எடுத்துப் போகட்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் கொடுக்க மாட்டார்.