60ஐத் தாண்டினால் சில்லு இரைகிறதா? நாலு பெயாரிங்கையும் மாற்ற முன்னர் இதைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் நிலாவெளியில் வசிக்கும் ஆசிரியை. எங்களிடம் பழைய அக்சியோ கார் ஒன்று இருக்கிறது. அம்மாவைக் கிளினிக்குக்கு அதில்தான் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறோம். சில மாதங்களாக 60ஐத் தாண்டினால் சில்லுப் பக்கத்திலிருந்து 'ஊம்' என்று ஒரு இரைச்சல். வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடுகிறது. ஒரு கராஜில் நாலு வீல் பெயாரிங்கும் போய்விட்டது என்றார்கள். இன்னொரு பாஸ் (மெக்கானிக்) கியர்பொக்ஸ் என்கிறார். சொந்தக்காரர் ஒருவருக்குத் தெரிந்த ஆள் கொழும்பிலிருந்து ஜப்பான் பழைய பெயாரிங் நாலும் மலிவாக எடுத்துத் தருகிறாராம். எதை மாற்றுவது? இப்படியே ஓடலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பழைய பெயாரிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பெயாரிங் என்பது சில்லு இலகுவாகச் சுற்றுவதற்காக உள்ளே குண்டுகளோடு இருக்கும் வளையம். நாலு சில்லிலும் அது ஒரே நேரத்தில் போவது மிக அரிது. வழக்கமாக ஒன்றுதான் போகும். நாலையும் மாற்றச் சொல்கிறவருக்கு எது போனது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் தேட வேண்டிய நேரத்துக்கு நீங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்? நாலையும் மாற்றியும் சத்தம் நிற்காமல் கடைசியில் ரயரை மாற்றியதும் நின்றுபோன கார்கள் எனக்குத் தெரிந்தே பல. ஓடும்போது ரயர் சத்தமும் பெயாரிங் சத்தமும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலில் பிரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

கியர்பொக்ஸ் கதையை ஓடியபடியே தீர்த்துக்கொள்ளலாம். 65 அளவில் போகும்போது அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். காலை எடுத்த அந்தக் கணமே சத்தம் மாறினால் அல்லது நின்றால் எஞ்சின், கியர் பக்கம் பார்க்க வேண்டும். வேகம் குறையக் குறையச் சத்தமும் மெல்ல மெல்ல இறங்கினால் அது சில்லுச் சத்தம். இதற்காக எஞ்சினை நிறுத்திப் பார்க்கச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஓடும் காரில் சாவியில் கை வைக்கவே கூடாது. ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிறேக்கும் கல்லாகிவிடும்.

அடுத்தது வீதி. கந்தளாய்ப் பக்கம் போகும்போது தம்பலகாமம் தாண்டி நல்ல காபட் வீதி வரும். அதில் ஒரு காது வையுங்கள். பிறகு கல் தெரியும் பழைய தார் வீதியில் அதே வேகத்தில் போங்கள். வீதி மாறியதும் சத்தத்தின் குரல் மாறினால் ரயர். எந்த வீதியிலும் ஒரே குரல் என்றால் பெயாரிங். ஊர்களுக்கு வெளியே சட்டப்படி 70தான் எல்லை, இந்தச் சோதனைக்கு அது தாராளம். பகலில் செய்யுங்கள். மாலை மங்கிய பிறகு கந்தளாய் தாண்டினால் யானை வரும் வீதி அது, சத்தத்தைக் கவனிக்கும் நேரமல்ல.

எந்தப் பக்கம் என்பதை நீண்ட வளைவுகள் காட்டிக் கொடுக்கும். கார் இடப்பக்கம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கத்தைச் சந்தேகியுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. இதற்காக நேர் வீதியில் காரை நெளித்து ஓட்ட வேண்டாம், பின்னால் பஸ் வரும். முன்னா பின்னா என்பதைக் காதால் மட்டும் நம்ப முடியாது. பின் சில்லின் சத்தம் காரின் உடலில் ஏறி முன்னால் கேட்கும். பின்சீற்றில் ஒருவரை இருத்தி அவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

இனி காரை நிழலில் நிறுத்தி ரயரைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையை ரயரின் மேல்முகத்தில் வைத்து முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிப் போய், திரும்பி வரும்போது ரயர்ப் பூக்களின் விளிம்பு கூராகக் கையில் தட்டுப்பட்டால் அலைன்மன்ற், அதாவது சில்லுகள் நிற்கும் நேர், பிழைத்து ரயர் தேய்ந்திருக்கிறது. மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷொக் அப்சோர்பர் களைத்துவிட்டது. இந்த இரண்டு வகை ரயரும் இரையும், புதுப் பெயாரிங் போட்டாலும் இரையும். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருக்கிறது என்று பழைய ரயரைப் புதிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் இந்த இலக்கத்தைக் காட்டமாட்டார்கள், நீங்களே குனிந்து பாருங்கள்.

இன்னும் சந்தேகம் என்றால் ரயர் கடையில் முன் ரயர்களைப் பின்னுக்கும் பின் ரயர்களை முன்னுக்கும் அதே பக்கத்தில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. காற்றையும் சரிபார்த்து அதே வீதியில் ஓடுங்கள். சத்தம் இடம் மாறினாலோ குரல் மாறினாலோ ரயர். துளியும் மாறாவிட்டால் பெயாரிங். நாலு பெயாரிங் என்று சொன்ன கராஜ் இதைச் செய்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

அதன் பிறகுதான் ஜக். காரைத் தூக்கி, கீழே ஸ்ராண்ட் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, சில்லைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றும்போது மற்றக் கை ஷொக்கின் ஸ்பிறிங்கில் இருக்க வேண்டும். போன பெயாரிங்கின் கரகரப்பு அந்தக் கம்பியில் விரலுக்குத் தெரியும், நல்ல பக்கம் எதுவும் தெரியாது. இடமும் வலமும் ஒப்பிட்டால் பிள்ளைகளுக்கும் விளங்கும். நீங்கள் பக்கத்தில் நின்று உங்கள் கையையும் வைத்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கார் உங்களுடையது. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லை, பெயாரிங் நல்லது என்று சொல்வார்கள். அது பிழை. இரைச்சல் முதலில் வரும், ஆட்டம் கடைசியில்தான் வரும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மாரியில் உங்கள் கார் அரைச் சில்லு மூழ்கும் வெள்ளத்தில் போனதா, அல்லது நின்றதா? நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இது நடக்காத வீடு குறைவு. ஓடிச் சூடான பெயாரிங் சட்டென்று தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது தண்ணீரைத் தடுக்கும் சீலின் விளிம்பால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்று ஒன்றும் தெரியாது. கிறீஸ் மெல்லக் கெட்டு, குண்டு ஓடும் பாதையில் துரு பிடித்து, மாதங்கள் கழித்துத்தான் இரையத் தொடங்கும். கடற்கரை மணலில் இறக்கி உப்புத் தண்ணீர் பட்ட கார் என்றால் இன்னும் கெதியில். ஆற்றிலும் குளத்திலும் சில்லு மூழ்க இறக்கிக் கழுவுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அப்படி மூழ்கிய கார் என்றால் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயாரிங் ஒரே காலத்தில் போகலாம், பாஸ் இரண்டு என்றால் நம்பலாம். அப்போதும் நாலையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மூழ்காத காருக்கு இந்தக் கதையைச் சொல்லி நாலு விற்க விடாதீர்கள்.

இப்போது அந்த ஜப்பான் பழைய பெயாரிங். பல கார்களில் பெயாரிங்கைப் பிறஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் வைத்து அழுத்தித்தான் கழற்றலாம். கழற்றும் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் நுண்ணிய பள்ளம் போடும். அதாவது கழற்றிய பெயாரிங் கழற்றும்போதே கெட்டது. நட்டால் பூட்டும் வகையைச் சேதமில்லாமல் கழற்றலாம், ஆனால் அது எவ்வளவு ஓடியது, எந்த வெள்ளத்தில் நின்றது என்று வெளியில் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. கதவு, கண்ணாடி, லைற் பழையது வாங்கலாம். பெயாரிங் வேண்டாம். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்ற காலத்தில் எல்லாரும் பழைய கார்களை இழுத்துக்கொண்டு ஓடினோம். அந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள்தான் இந்த இடைத்தரகர்கள். கடையில் ஒரு விலை, உங்களுக்கு ஒரு விலை, நடுவில் பில் கிடையாது.

புதுப் பெட்டியிலும் கவனம். பெயர்போன ஜப்பான் பெயாரிங்குகளுக்குப் போலி நிறைய உண்டு. பெட்டியை விடுங்கள், வளையத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். விரலால் துடைத்தால் அழியக் கூடாது. கடைப் பெயர் போட்ட பில் வாங்குங்கள். கழற்றிய பழைய பெயாரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பாருங்கள். கரகரக்காமல் வழுக்கிச் சுற்றினால் நல்லதைக் கழற்றியிருக்கிறார்கள்.

பூட்டும் கராஜில் பிறஸ் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். சுத்தியலால் அடித்துப் பூட்டினால் புதியதும் சில மாதத்தில் இரையும். ஏபிஎஸ் (பிறேக் அடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள கார்களில் பலவற்றுக்குப் பெயாரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சர் பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் டாஷ்போட்டில் ஏபிஎஸ் லைற் எரியும், பிறகு சென்சர் போய்விட்டது என்று அதற்கும் காசு கேட்பார்கள். நடு நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடிக்காமல் இறுக்கும் அளவைக் காட்டும் ரென்சால் இறுக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கோபம் வருகிறது. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைச் சோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் காரின் சில்லை ஒரு முறை சுற்றிப் பார்க்க எவரும் இல்லை. பிறஸ் இல்லாத கராஜ் பெயாரிங் மாற்றுவதைத் தடுக்கவும் எவரும் இல்லை. சில்லு கழன்று ஒருவர் செத்தால் மட்டும் பொலிஸ் வந்து அளவெடுக்கும்.

ஓடலாமா என்று கேட்டீர்கள். ரயர்தான் என்று தெரிந்து, கம்பி வெளியே தெரியாமல் பூவும் இருந்தால் ஓடலாம். பெயாரிங் என்றால், ஆட்டமும் அரைக்கும் சத்தமும் இல்லாதவரை நிலாவெளிக்கும் ரவுணுக்கும் இடையில் மெதுவாகப் போய் வாருங்கள், கெதியில் மாற்றுங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு கண்டிக்குப் போக வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குள் மாற்ற முடியாவிட்டால் பஸ்ஸில் போங்கள். ஓடி நிறுத்தியதும் புறங்கையை ஒவ்வொரு றிம்முக்கும் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால், அல்லது இரைச்சல் அரைக்கும் சத்தமாக மாறினால், அல்லது சில்லு ஆடினால், அந்த இடத்திலேயே நிறுத்தி லொறியில் ஏற்றுங்கள்.

மாற்றிய பிறகு முன்பு இரைந்த அதே வீதியில், அதே வேகத்தில், பாஸையும் பக்கத்தில் இருத்தி ஓடிப் பாருங்கள். மிச்சக் காசை அதன் பிறகு கொடுங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்பிப் போய் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டாம்.