சோறு போடுவது யார்?

கேள்வி: இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட் வேண்டுமென்றால், இதற்குமுன் எத்தனை ஆட்டத்துக்குப் போனோம் என்று கணக்குப் பார்க்கிறார்களாமே? விசுவாசமான ரசிகருக்கு முன்னுரிமை தருவது நியாயம்தானே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: விசுவாசம் என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. விசுவாசம் என்பது சோறு போட்டவருக்குக் காட்டுவது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? கால்பந்தில் உப்பிடுகிறவர் ரசிகர். விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து, ஊர்விட்டு ஊர் போய், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மூலையில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, நடுராத்திரி வீடு திரும்புகிறாரே, அவர். விசுவாசம் காட்டவேண்டியது கிளப்.

டிக்கெட் குறைவு என்பது உண்மை. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இடம். மைதானம் சிறியதென்றால் மொத்தத்தில் 10 சதவீதம். தவறாமல் போகிறவருக்கு முதலில் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், போயிருந்தால்தான் டிக்கெட் என்றால் 18 வயதுப் பிள்ளை முதல்முறை எப்படிப் போகும்? அவர்களுக்கென்று ஒரு பங்கைக் குலுக்கலில் விடவேண்டும்.

2016 பிப்ரவரி 6. டிக்கெட் விலையை 77 பவுண்டு வரை ஏற்றப்போவதாக லிவர்பூல் கிளப் அறிவித்திருந்த சமயம். அன்றைய ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் சுமார் 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது சண்டர்லாந்துக்கு எதிராக 2-0 முன்னிலை, முடிந்தபோது 2-2. சில நாளில் கிளப் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டது. அடுத்த மாதமே வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு என்று லீக் கிளப்புகள் ஒப்புக்கொண்டன. டிக்கெட் முன்னுரிமைக்குப் புள்ளி போடுவது என் கையில் இருந்தால், அன்று எழுந்து போனவர்களுக்குத்தான் முதலில் போடுவேன்.

இதே ரசிகர்கள்தான் 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்துக்கு அரையிறுதி பார்க்கப் போனவர்கள். நெரிசலில் சிக்கி 97 பேர் செத்தார்கள். ரசிகர்கள் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்கள் என்றார் பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி. திறக்க உத்தரவிட்டவர் அவரேதான். நான்காம் நாள் பிரிட்டனின் 'தி சன்' நாளிதழ், ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. தலைப்பு: 'உண்மை'. தலைப்பு வைத்துப் பிழைக்கிறவன் நான். அந்தப் பக்கத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அதே முதல் பக்கத்தில் மன்னிப்பு வர 2012 ஆயிற்று. ரசிகர்கள் மேல் தவறில்லை, அது சட்டவிரோதக் கொலை என்று ஜூரி சொல்ல 2016 ஆயிற்று.

2017-ல் அந்தப் பத்திரிகையின் நிருபர்களை மைதானத்துக்குள் விடுவதில்லை என்று லிவர்பூல் கிளப் முடிவெடுத்தது. நான் கேட்கும் விசுவாசம் இதுதான். ஊர்க்கடைகள் பலவற்றில் அந்தப் பேப்பரை அதற்கு வெகுகாலம் முன்பே நிறுத்தியிருந்தார்கள்.