ரிப்பீட்டர் சொல்வது யாருடைய அழைப்புக்குறி?

கேள்வி: நானும் என் நண்பரும் அமெரிக்காவில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றிருக்கிறோம். மாலை நேரங்களில் எங்கள் ஊர் ரிப்பீட்டர் (குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) வழியாகத் தமிழில் பேசிக்கொள்வது வழக்கம். பேச்சின் நடுவே அந்த ரிப்பீட்டர் தன் அழைப்புக்குறியை, அதாவது நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துகளையும் எண்ணையும், புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியில் அனுப்புகிறது. "அதுதான் சொல்லிவிடுகிறதே, நாம் தனியாக ஏன் சொல்ல வேண்டும்?" என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா? தமிழில் பேசுவது விதிக்கு உட்பட்டதுதானா?
– டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் நண்பரின் எண்ணம் தவறு. நீங்கள் இருவரும் அவரவர் அழைப்புக்குறியைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள, அங்கே எத்தனை ஒலிபரப்பிகள் இயங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே போதும். உங்கள் கைக்கருவி 146.34 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவதை மலையுச்சியிலோ உயர்ந்த கட்டடத்திலோ இருக்கும் ரிப்பீட்டர் கேட்டு, அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 146.94 மெகாஹெர்ட்ஸில் கூடுதல் ஆற்றலோடு மறுபடி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு அது ஒரே குரலாகத்தான் கேட்கும். சட்டத்தின் பார்வையிலோ அவை இரண்டு நிலையங்கள். எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் 97ஆம் பகுதி விதிகளில் 119ஆம் பிரிவு, ஒவ்வொரு நிலையமும் தான் ஒலிபரப்பும் அலைவரிசையிலேயே, உரையாடல் நடக்கும்போது 10 நிமிடங்களுக்கு ஒரு முறையாவதும் உரையாடல் முடியும்போதும் தனக்கு ஒதுக்கப்பட்ட அழைப்புக்குறியை அனுப்ப வேண்டும் என்கிறது. ரிப்பீட்டரின் மோர்ஸ் ஒலி 146.34இல் வெளிப்படுவதே இல்லை. ஆகவே அந்த அலைவரிசையில் அனுப்புகிறவர் யார் என்பதற்கு உங்கள் குரலைத் தவிர வேறு சான்று கிடையாது. அதேபோல், நீங்கள் எத்தனை முறை உங்கள் குறியைச் சொன்னாலும் ரிப்பீட்டரின் கடமை தீர்ந்துவிடாது.

பேச்சைத் தொடங்கும்போது குறியைச் சொல்ல வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டுத் தொடங்குவதே நல்லது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்களை அழைக்க அதுதான் வழி. உள்நாட்டு உரையாடலில் எதிரில் இருப்பவரின் குறியையும் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை.

தமிழில் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பொருளை மறைக்கும் நோக்கத்தோடு சங்கேதமாகப் பேசுவதுதான் குற்றம். தாய்மொழி சங்கேதம் ஆகாது. ஆனால், குரல்வழியே அழைப்புக்குறியைச் சொல்லும்போது அதை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று விதி தெளிவாகக் கூறுகிறது. தமிழில் எவ்வளவு நேரம் பேசினாலும், குறியில் உள்ள எழுத்துகளையும் எண்ணையும் ஆங்கிலத்தில், முடிந்தால் 'ஆல்ஃபா, பிராவோ' என்ற ஒலிப்பு முறையில், நிதானமாகச் சொல்லுங்கள். உங்கள் மொழி அறியாத ஒருவருக்கும் பேசுவது யார் என்பது விளங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

கேள்வி: ரிப்பீட்டர் எட்டுகிறதா என்று பார்க்க, பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்திவிடுவது தவறா?
– அதே வாசகர்

பதில்: தவறுதான். ஒரு நொடியே அழுத்தினாலும் அது ஓர் ஒலிபரப்பு. குறி சொல்லாத ஒலிபரப்பை அதே 119ஆம் பிரிவு தடை செய்கிறது. பழகியவர்கள் பலரும் இதைச் செய்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால், குறியைச் சொல்லி 'சோதனை' என்று சேர்ப்பதற்கு மூன்று நொடிகூட ஆகாது. அதோடு, உங்கள் குரல் தெளிவாக வருகிறது என்று யாரேனும் பதில் சொல்லவும் வாய்ப்புண்டு. வெறுமனே பொத்தானை அழுத்தினால் அந்தப் பயன் கிடைக்காது.

கேள்வி: ரிப்பீட்டருக்கென்று தனி அழைப்புக்குறி உண்டா? யாரும் பேசாதபோதும் அது குறியை அனுப்ப வேண்டுமா?
– இன்னொரு வாசகர்

பதில்: பிரிட்டனில் பேச்சு ரிப்பீட்டர்களுக்கு 'ஜிபி3' என்று தொடங்கும் குறிகள் உண்டு. அமெரிக்காவிலும் 1970களில் 'டபிள்யூஆர்' என்று தொடங்கும் தனிக் குறிகள் வழங்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டன. இப்போது அங்கே ரிப்பீட்டரை நடத்தும் தனிநபரின் குறியோ, அமெச்சூர் வானொலி மன்றத்தின் குறியோதான் பயன்படுகிறது. மன்றக் குறி பெறக் குறைந்தது நான்கு உறுப்பினர்கள் வேண்டும்.

தானியங்கிக் கருவி மோர்ஸில் குறி அனுப்பினால் அதன் வேகம் நிமிடத்துக்கு 20 சொற்களைத் தாண்டக் கூடாது; கேட்பவர் எழுதிக்கொள்ள முடிய வேண்டும் அல்லவா? நல்ல கட்டுப்பாட்டுக் கருவிகள் பேச்சில் இடைவெளி வரும்வரை காத்திருக்கும். பத்து நிமிடம் நெருங்கியும் இடைவெளி கிடைக்காவிட்டால், குரலை மறைக்காதபடி தாழ்ந்த ஒலியில் மோர்ஸை அதன் அடியிலேயே அனுப்பிவிடும். யாரும் பயன்படுத்தாமல் ஓய்ந்திருக்கும்போது குறி அனுப்ப வேண்டிய கட்டாயம் ரிப்பீட்டருக்கு இல்லை.