மாலைக் கூட்டத்துக்கு இன்னொரு பில்லிங் கவுண்டர் தேவையா?

வேளச்சேரியில் உங்கள் சூப்பர் மார்க்கெட்டில் மாலை 6 முதல் 9 வரை ஒரே கவுண்டரில் வரிசை நீள்கிறது, இன்னொரு ஆளைப் போட்டால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடுங்கள், அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும்.

ஒரு பில்லுக்குச் சராசரி 2 நிமிடம் என்றால் மணிக்கு 30 பேரை அனுப்பலாம். அப்படியானால் 24 பேர் வந்தால் சமாளிக்கலாம் என்றுதானே தோன்றும்? ஆனால் ஆட்கள் சீராக வருவதில்லை, பில் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். எளிய வரிசைச் சூத்திரப்படி 24 பேருக்கே சராசரி 8 நிமிடக் காத்திருப்பு. 27 பேர் என்றால் 18 நிமிடம். மூன்றே பேர்தான் கூடுதல்! அதே 27 பேருக்கு இரண்டு கவுண்டர், ஒரே பொது வரிசை என்றால் அரை நிமிடம்தான். தனித்தனி வரிசை வைத்தால் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டும்.

வெங்காயப் பையில் எடை ஸ்டிக்கர் இல்லை என்று பாதி பில்லில் ஒருவர் திரும்பி ஓடுவாரே, அதுதான் வரிசையின் கழுத்தை அறுப்பது. எடையைக் காய்கறிப் பக்கமே முடித்துவிடுங்கள்.

அப்புறம், கணினியில் உள்ள பில் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். வரிசையைப் பார்த்துக் கூடையை வைத்துவிட்டுப் போனவர்கள் அதில் வரமாட்டார்கள். ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் வரிசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் கூடையை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணச் சொல்லுங்கள். சம்பளம் வரும் மாத முதல் வாரத்தைத் தனியாக எண்ணுங்கள்.