வாசகர் கேள்வி – பதில்: தார்பன் பிடிக்கப் போகும் ஆறு பேருக்கு

*நண்பர்கள் ஆறு பேர் வரும் மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளுக்கு, ஃப்ளை தூண்டிலில் (இறகு, நூலால் கட்டிய போலி இரை) தார்பன் என்ற பெரிய கடல்மீனைப் பிடிக்கப் போகிறோம். ஒரே பெரிய படகு எடுத்தால் செலவு குறையாதா?*
– வாசகர், வெள்ளவத்தை

செலவு குறையும், மீன் கிடைக்காது. தார்பன் கூட்டங்கள் கடந்துபோகும் ஆழமற்ற நீரில் எஞ்சினை நிறுத்தி, வழிகாட்டி பின்தட்டில் நின்று கோலால் ஊன்றித்தான் படகை நகர்த்துவார். அப்படிப்பட்ட சிறு படகில் இருவருக்கே இடம். அதிலும் அணியத்தில் (படகின் முன்பக்கம்) நின்று வீசுவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். ஆகவே ஆறு பேருக்கு மூன்று படகுகள். ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் நல்ல பருவம் என்பதால், திறமான வழிகாட்டிகளின் நாட்கள் வெகு முன்னரே நிரம்பிவிடும். மூன்று படகும் ஒரே நாட்களில் உறுதியான பிறகே விமான டிக்கெட் எடுங்கள். மீன்பிடி அனுமதி வழிகாட்டியின் படகு உரிமத்திலேயே அடங்கும். தனியாக வாங்கத் தேவையில்லை.

முறை வைப்பதை முதல்நாள் இரவே பேசி முடியுங்கள்: அரை மணித்தியாலம் அல்லது ஒரு கடி, எது முந்துகிறதோ அது. கடித்துத் தப்பிய மீனும் கணக்கில் சேரும். வீசாதவரின் வேலையும் சின்னதல்ல. தட்டில் கிடக்கும் லைன் காலிலோ கொக்கியிலோ சிக்காமல் அவர்தான் பார்க்க வேண்டும்.

*சென்ற பயணத்தில் நான்கு மீன் கடித்தும் ஒன்றுகூடக் கொளுவவில்லை. கொக்கி மழுங்கலா?*
– வாசகர், தெஹிவளை

கொக்கியை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் போட வேண்டும். ஆனால் நான்கும் தப்பியதென்றால் பெரும்பாலும் பிழை கையில்தான் இருக்கும். கடித்த உடனே தடியை மேலே தூக்கியிருப்பீர்கள். தடி வளைந்து அந்த விசையை விழுங்கிவிடும். தார்பனின் வாயோ எலும்புத் தகடு. தடிமுனை நீரைத் தொடுமளவு தாழ்ந்து, நேரே மீனை நோக்கி இருக்க வேண்டும். மீன் வாயை மூடித் திரும்பும்வரை பொறுத்து, இடது கையால் லைனை நீளமாக, இறுக்கமாக இழுங்கள். பாரம் தெரிந்ததும் இன்னும் இரண்டு தடவை. அதன்பின் மீனைப் பார்க்காதீர்கள். தட்டிலிருந்து எழும் லைன் றீலில் சேரும்வரை அதையே பாருங்கள்.

மீன் துள்ளும்போது தடியை அதன் பக்கம் நீட்டிக் குனிந்து லைனைத் தளர்த்துங்கள். நீருக்கு வெளியே அதன் முழுப் பாரமும் இறுகிய தங்கூசியில் (நைலான் தூண்டில் நூல்) விழுந்தால் அறுந்துவிடும், அல்லது கொக்கி கழன்றுவிடும்.

*லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையில் வரும் லீடர் நூலை எப்படிக் கட்டுவது? இடையில் ஏன் வேண்டுமென்றே மெல்லிய துண்டு?*
– வாசகர், கொட்டாஞ்சேனை

11 அல்லது 12 எண் தடி, றீலில் லைனுக்குப் பின்னால் குறைந்தது 200 யார் பின்நூல். லைனோடு சேரும் பக்கம் 60 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி 5 அடி, அடுத்து 40 இறாத்தலில் 2 அடி, பின் 20 இறாத்தலில் ஒன்றரை அடி (இதுதான் அந்த மெல்லிய துண்டு), கடைசியில் ஃப்ளையோடு 60 இறாத்தல் ஃபுளோரோகார்பன் ஓரடி. தார்பனுக்கு வெட்டும் பல் இல்லை. ஆனால் வாய் அரத்தாள் மாதிரி. தேய்த்துத் தேய்த்தே அறுக்கும். அதற்குத்தான் அந்தத் தடித்த ஓரடி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவி, சொரசொரத்தால் மாற்றுங்கள். மெல்லிய துண்டு அறுந்தால் மீனோடு போவது ஃப்ளையும் சிறு நூலும்தான். அது இல்லாவிட்டால் லைனோ தடியோ போகும். சர்வதேசச் சாதனைக்கு 20 இறாத்தல்தான் மேல் எல்லை, தடித்த துண்டு முடிச்சோடு 12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது.

முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலமிழக்கும். லைனை மீன் தராசில் கொளுவி இழுத்துப் பார்த்து, றீலின் பிரேக்கை 5 இறாத்தலுக்கு வையுங்கள்.

*படம் எடுக்க மீனைத் தூக்கலாமா?*
– வாசகர், வத்தளை

கூடாது. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட தார்பனை நீரிலிருந்து எடுப்பது புளோரிடாவில் சட்டவிரோதம். சுறா வந்தால் படத்தையும் மறந்து, லைனைப் பிடித்து நூலை அறுத்துவிடுங்கள். களைத்த மீனால் ஓடித் தப்ப முடியாது.

*கொழும்பில் எங்கே பழகுவது?*
– வாசகர், பம்பலப்பிட்டி

காலிமுகத்திடலில், ஆள் குறைந்த அதிகாலையில். கொக்கியை வெட்டிவிட்டு ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டுங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கு நோக்கி நின்றால், காற்று வலப்பக்கமாக வந்து லைனை உங்கள் மேலேயே தள்ளும். படகில் பலர் தடுமாறுவது இந்தக் காற்றில்தான். அப்போது திரும்பி நின்று பின்வீச்சிலேயே ஃப்ளையை விடப் பழகுங்கள். இலக்காக 50 அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதிகபட்சம் இரண்டு போலி வீச்சு (ஃப்ளையைக் கீழே விடாமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசுவது). அணியம் 12 மணி என்று வைத்து, நண்பர் "10 மணி, 50 அடி" என்று சொல்லச் சொல்ல வீசுங்கள்.

கொளுவும் இழுப்பைப் பழக இங்கேயே ஒரு மீன் உண்டு. தார்பனின் சிறிய இனம், தமிழ்நாட்டில் மோரான்கெண்டை என்பார்கள், நம் களப்புகளிலும் முகத்துவாரங்களிலும் திரிகிறது. பெரிய செதில், மேல்நோக்கிய கீழ்த்தாடை, காற்றுக் குடிக்க மேலே வந்து புரளும் பழக்கம், எல்லாம் அதே மாதிரி. 7 எண் தடியும் 20 இறாத்தல் முனைநூலும் போதும். இதற்கும் தடியைத் தூக்கினால் கழன்றுவிடும்.