'பாடி அண்ட் சோல்'ங்கிற ஜாஸ் பாட்டு பத்தி என்ன வேணா கேளுங்க

கேள்வி: அண்ணா, இது பிராட்வேல, அதான் நியூயார்க் நாடக மேடைல, பொறந்த பாட்டுதானே?

இல்லப்பா, லண்டன் முந்திக்கிச்சு. மெட்டு ஜானி கிரீன் போட்டது, அப்ப அவருக்கு 21 வயசு, கெர்ட்ரூட் லாரன்ஸ்னு ஒரு இங்கிலீஷ் நடிகைக்காகப் பண்ணினது. பாட்டு எழுதினவங்க எட்வர்ட் ஹேமன், ராபர்ட் சவர், ஃபிராங்க் ஐட்டன்னு மூணு பேர். 1930 அக்டோபர்ல நியூயார்க்ல 'த்ரீஸ் எ க்ரௌட்' ஷோல லிபி ஹோல்மன் பாடினதும்தான் அமெரிக்கா பூரா பத்திக்கிச்சு. அதே மாசம் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் ரெக்கார்ட் பண்ணிட்டாரு.

கேள்வி: சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் வாசிச்சதைக் கேட்டேன், பாட்டையே காணோமே? யாரோ பேரை மாத்திப் போட்டுட்டாங்களா?

சரியான ரெக்கார்டுதான் கேட்டிருக்கீங்க! 1939 அக்டோபர் 11, அஞ்சு வருஷம் ஐரோப்பால இருந்துட்டு அப்பதான் ஊர் திரும்பியிருக்காரு, ப்ளூபேர்ட் கம்பெனிக்கு ரெக்கார்டிங். பியானோல சின்னதா ஒரு இன்ட்ரோ, உடனே சாக்ஸ் உள்ள வருது, முதல் சில பார் (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு) மெட்டு மாதிரி இருக்கும், அப்புறம் அவர் பாட்டுக்குக் கிளம்பிடுவாரு, கீழ கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) வரிசை மட்டும் அப்படியே ஓடிட்டிருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டே புதுசு புதுசா லைன் கட்டிட்டே போவாரு, மெட்டுக்குத் திரும்பவே மாட்டாரு. முழு மெட்டு நீளத்துக்கு ரெண்டே சுத்து, மொத்தம் மூணு நிமிஷம். ரெண்டாவது சுத்துல பேண்ட் பின்னாடி சேரும்போது டோன் எப்படித் தடிக்குதுன்னு கவனிங்க. மெட்டே அதிகம் இல்லாத இந்த ரெக்கார்ட் ஜூக்பாக்ஸ்ல (காசு போட்டா பாட்டு போடுற மெஷின்) ஹிட் ஆச்சுங்கிறது இன்னிக்கும் எனக்குப் பிரமிப்புதான்.

கேள்வி: அப்ப இது நம்ம ஆலாபனை மாதிரியா சார்?

ஆலாபனைக்குத் தாளம் கிடையாதே. இங்க 32 பார் சுத்து நிக்காம ஓடுது, அதனால நிரவல்னு நினைச்சுக் கேளுங்க, கொஞ்சம் பிடிபடும்.

கேள்வி: கிட்டார் வாசிக்கிறேன், நடுப்பகுதி வந்தாலே தடுமாறுது. ஏன் இவ்ளோ கஷ்டம்?

பாட்டு டி ஃபிளாட் சுருதில இருக்கு, நடுப்பகுதி அரை ஸ்வரம் மேல ஏறி டி மேஜர் போகும், அங்கிருந்து சி மேஜர், அப்புறம் வரிசையா இறங்கித் திரும்பப் பழைய இடத்துக்கு வரணும், இதெல்லாம் எட்டே பார்ல! 1930 சினிமா, நாடகப் பாட்டுல இது ரொம்பத் துணிச்சல். ஆனா அந்தத் திருப்பம்தான் வாசிக்கிறவங்களை இழுக்குது, இவ்ளோ பேர் இதை எடுத்ததுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்வேன். அந்த எட்டு பாரை மட்டும் தனியா, மெதுவா வாசிச்சுப் பழகுங்க.

கேள்வி: ஏமி வைன்ஹவுஸ் பாடினது பிடிக்குமா?

ரொம்ப. 2011 மார்ச்ல அபே ரோட் ஸ்டுடியோல டோனி பென்னட்டோட பாடினாங்க, அவருக்கு 84 வயசு. ஜூலைல ஏமி போயிட்டாங்க, அடுத்த வருஷம் அந்தப் பாட்டுக்கு கிராமி கிடைச்சுது.

கேள்வி: புதுசாக் கேக்கறவன், எதுல ஆரம்பிக்கட்டும்?

முதல்ல பில்லி ஹாலிடே 1940ல பாடினது, மெட்டு மனசுல உக்காரும். அடுத்து கிளாரினெட்காரர் பென்னி குட்மன் ட்ரியோ, 1935. அப்புறம் ஹாக்கின்ஸ். அது பழகினதும் இன்னொரு சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் 1960ல பண்ணினதைப் போடுங்க, மெக்காய் டைனரோட பியானோ ஆரம்பத்துலயே ஆளைப் பிடிச்சு உக்கார வெச்சிடும்.