கற்பனைக் கதை வேண்டாம் என்கிற அப்பாவுக்கு

கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அப்பா ஒரே மூச்சில் நாலைந்து பக்கத்துக்கு மேல் வாசிப்பதில்லை, நாவலைத் தொடவே மாட்டார், என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். யோசிக்காமல் உ. வே. சாமிநாதையரின் சுயசரிதையான ‘என் சரித்திரம்’ கொடுங்கள். தடித்த புத்தகம்தான், ஆனால் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சிறியவை. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவற்றால் என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணிக் காப்பியம் படித்ததுண்டா என்று கேட்கும் இடம் ஒன்று போதும். அப்பா புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார்.

அடுத்தது டொமினிக் ஜீவாவின் சுயசரிதை ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’. யாழ்ப்பாணத்தில் சலூனில் தொழில் செய்துகொண்டே ‘மல்லிகை’ இலக்கிய இதழை நடத்தியவர். சாதி தந்த காயத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

வாங்குவதற்கு முன் வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். பொடி எழுத்துப் பதிப்பு மட்டும் வேண்டாம்.